பனிக்கட்டி மேல் ஜாக்கி

பத்ராக்கின் வேன் முறிந்த சத்தம் என் கடை வரைக்கும் கேட்டது. ஊருக்கு அது வெறும் சத்தம். எனக்கு அது சரக்கின் பெயர். இருபது வருடமாகப் பழைய கன்டெய்னர் ஒன்றில் உட்கார்ந்து ருஷ்ய வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கிறவன் நான். ‘டங்’ என்று ஒரே அடி, அதன் பிறகு எஞ்சின் மட்டும் வீணாக அலறினால், பின் சக்கரத்தைச் சுற்றவைக்கிற ஷாஃப்ட்டின் கிராஸ், அதாவது சிலுவை வடிவ மூட்டு, போய்விட்டது என்று அர்த்தம். என்னிடம் இரண்டு கிராஸ் இருந்தன. ஒன்று நல்லது. இன்னொன்றைப் பற்றிப் பேச வேண்டாம்.

யாருடைய வண்டி உடைந்தாலும் எனக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் எட்டிப்பார்க்கும். தொழில் அப்படி. அன்றைக்கும் எட்டிப்பார்த்தது, வேன் யாருடையது என்று தெரிந்ததும் போன வழியே திரும்பிவிட்டது. அந்த வேன் அன்று யாரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது என்று ஊரில் நாய்களுக்குக்கூடத் தெரியும்.

பத்ராக்கின் மனைவி தேஜித்துக்கு நிறைமாதம். நூற்றுநாற்பது கிலோமீட்டர் தள்ளி மாவட்டத் தலைநகரில், நாள் நெருங்கிய பெண்கள் முன்கூட்டியே வந்து தங்க ஒரு விடுதி இருக்கிறது. அன்று பொழுது சாய்வதற்குள் அவள் அங்கே இருக்க வேண்டும் என்று எங்கள் ஊர் டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருந்தார். இருட்டினால் பனிப்புயல் என்று வானொலி காலையிலிருந்து மூன்று தரம் சொல்லிவிட்டது. புயல் வந்தால் நடுவில் இருக்கும் கணவாய் மூடிக்கொள்ளும். இரண்டு வருடத்துக்கு முன்பு அப்படித்தான் மூடிக்கொண்டது. அந்தக் கணவாயிலேயே, இதே வேனுக்குள் அவர்களுக்குப் பிறந்த முதல் குழந்தை அழவேயில்லை. அதற்கப்புறம் பத்ராக்குக்கு எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாமல் போயிற்று. சூப்பைக்கூட நின்றுகொண்டே குடிப்பான்.

நல்ல கிராஸை எடுத்துக்கொண்டு போனேன். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று. காற்று வேறு. வேன் அவர்களுடைய கம்பளிக் கூடாரத்திலிருந்து பத்தடி தள்ளி நின்றது. நவம்பரிலிருந்து பாத்திரம் கழுவிக் கொட்டிய தண்ணீரெல்லாம் அடுக்கடுக்காக உறைந்து, வாசலுக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு பாறையாகக் கிடக்கும். ராத்திரி வேனை நிறுத்தியது அதன் மேல். டயர் நாலும் பனிக்கட்டியோடு ஒட்டிப்போயிருந்தன. வெந்நீர் ஊற்றி, தட்டி, மெல்ல விடுவித்திருக்க வேண்டும். பத்ராக் ஆக்ஸிலரேட்டரை மிதித்திருக்கிறான். டயர் விடவில்லை. கிராஸ் விட்டுவிட்டது.

“கொண்டாந்தியா அண்ணே?” என்றான். முகத்தில் மீசையே பனியாக இருந்தது.

“கொண்டாந்தேன். முதல்ல ஒரு வாய் டீ குடு. பேரம் அப்புறம்.”

“ஜம்பா அண்ணே, இன்னிக்கு பேரம் பேசினா உன்னைக் கடிச்சிருவேன்.”

“கடி. குளிர்ல உன் பல்லுதான் ஒட்டிக்கும்.”

தேஜித் கூடாரத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, அதனால் காலையிலிருந்து நடை. அவள் கல்யாணத்துக்கு முன்பு தெற்கே ஒரு செப்புச் சுரங்கத்தின் பட்டறையில் கருவி அறையில் வேலை பார்த்தவள். ஸ்பேனர் கேட்டு வருகிறவனுக்கு எடுத்துக் கொடுத்து, மாலையில் திரும்ப வாங்கி மாட்டி வைக்கிற வேலை. ஒரு போல்ட்டைக்கூட அவள் முடுக்கியதில்லை. ஆனால் கருவி வாங்கிப் போனவர்களில் யார் முழுக் கையோடு திரும்பி வந்தார்கள், யார் வரவில்லை என்று ஆறு வருடம் பார்த்தவள்.

“ஷாஃப்ட்டைக் கழட்டினா கை பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான்,” என்றாள் நடந்துகொண்டே. இந்த ருஷ்ய வேனில் கை பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும். “முன் சக்கரத்துக்குக் கல்லு வச்சியா?”

“வச்சேன்.”

“ரெண்டு பக்கமும்?”

“ரெண்டு பக்கமும்தான், மேனேஜரம்மா.”

“ஸ்டெப்னியை அடியில தள்ளு. ஜாக்கி ஏமாத்தினா வண்டி அதுமேல உக்காரட்டும். இடுப்புத்துணியை அவுரு, ஷாஃப்ட்டுல சுத்தும். மோதிரத்தையும் கழட்டு. பேட்டரி வயரை எடுத்துட்டியா?”

“நான் பொறந்தப்பவே எடுத்துட்டேன்.” ஆனால் போய் எடுத்தான். நீள அங்கியின் மேல் சுற்றியிருந்த பட்டுத்துணியை அவிழ்த்து என் கழுத்தில் போட்டான். கண்ணில் துரு விழாமலிருக்க பைக் ஓட்டுகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டான். பின் சக்கரம் ஒன்றைத் தூக்கினால்தான் ஷாஃப்ட்டைத் திருப்பித் திருப்பி எல்லா போல்ட்டையும் எட்ட முடியும். ஜாக்கியை ஏற்றினான், ஸ்டெப்னியை சேஸிஸுக்கு அடியில் படுக்கப் போட்டான், முதுகுக்குக் கம்பளித் துண்டு விரித்து உள்ளே போனான். எல்லாம் முறைப்படி. அதுவரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது.

போல்ட்டுகள் இளகின. ஷாஃப்ட்டைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்குள் போய், அடுப்புக்குப் பக்கத்தில் தண்டவாளத் துண்டின் மேல் வைத்து, பழைய கிராஸைத் தட்டி எடுத்தோம். வெளியே வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோலை விட்டுவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். அதனால் நுணுக்க வேலையெல்லாம் உள்ளே. தேஜித் உப்புப் போட்ட பால் டீயை நீட்டினாள். எங்கள் புத்தாண்டான வெள்ளை மாதப் பிறப்புக்காக அவள் பிடித்து வெளியே சாக்கில் உறைய வைத்திருந்த நானூறு இறைச்சிக் கொழுக்கட்டைகளில் இருபதை ஆவியில் ஏற்றியிருந்தாள். ஆட்டுக் கொழுப்பு வாசம் கூடாரத்தை நிறைத்தது.

“ரெண்டு சாப்பிடு,” என்றாள் அவனிடம்.

“வழியில சாப்பிடுறேன்.”

“வழியில நீ ஓட்டணும்.”

“ஓட்டிக்கிட்டே சாப்பிடுறேன், தேஜித். மணி பதினொண்ணு!”

“மணி என்னன்னு என் வயித்துக்குள்ள இருக்கிறதுக்குத் தெரியும். நீ கத்தாதே.”

அவன் சாப்பிடவில்லை. நான் அவன் பங்கையும் பார்த்துக்கொண்டேன். உதவி என்று வந்துவிட்டால் பாதியில் விடக் கூடாது.

இனிமேல்தான் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இந்தப் புல்வெளியில் நின்றுபோன வண்டியைக் கடந்து யாரும் போக மாட்டார்கள். போகக் கூடாது. இறங்க வேண்டும், குந்த வேண்டும், மூக்குப்பொடி டப்பாவை மாற்றிக்கொள்ள வேண்டும், அப்புறம் ஒரு கை கொடுக்க வேண்டும். இதனால் உயிர் பிழைத்தவர்கள் ஆயிரம் பேர். ஆனால் கை கொடுக்கிறவன் என்ன செய்தான் என்று வண்டிக்காரனிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் வழக்கத்தில் இல்லை. செய்ததைச் சொன்னால் பீற்றிக்கொள்கிற மாதிரி.

முதலில் வந்தவன் புந்த்சாக். குதிரை மேய்ப்பவன், பைக்கில்தான் மேய்ப்பான். நாங்கள் புதுக் கிராஸ் போட்ட ஷாஃப்ட்டோடு வெளியே வந்தபோது வண்டியைச் சுற்றிவந்து எல்லாவற்றையும் உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இதுக்கு ஏன்டா இவ்வளவு பாடு? பின் ஷாஃப்ட்டைக் கழட்டிப் போட்டுட்டு முன் சக்கரத்துலயே போக வேண்டியதுதானே.”

“கணவாய் ஏறுமா அது? உன் மாமியார் தள்ளுவாளா?” என்றான் பத்ராக், உள்ளே ஊர்ந்துகொண்டே.

“என் மாமியார் தள்ளினா வண்டி பீஜிங் வரைக்கும் போகும்.”

பத்ராக் சிரிக்கவில்லை. வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால் மட்டும் தெரிந்தது. அந்தக் கால்களுக்கும் பொறுமை இல்லை. ஒன்று மாற்றி ஒன்று பனியை உதைத்துக்கொண்டிருந்தன. நான் தலைமாட்டில் குந்தி போல்ட்டும் வாஷரும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஷாஃப்ட்டின் முன்பக்க போல்ட் நாலும் ஏறின. பின்பக்க நாலில் ஒன்று ஏறியது.

அப்போது வந்தார் நோரோவ் ஐயா. பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். அறுபது வயது, எப்போதும் புருவம் கருகிய முகம். ஒரு இரும்புச் சட்டி நிறையக் கனலைக் கம்பியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார்.

“பையன் விறைச்சுப்போயிருப்பான்ல. பின் ஆக்ஸில் எண்ணெயும் தாரு மாதிரி இருக்கும். கொஞ்சம் சூடு காட்டட்டும்.”

“புண்ணியவான் ஐயா நீங்க!” என்றான் பத்ராக் அடியிலிருந்து. “இங்க, பக்கத்துல வைங்க. விரலே தெரியல எனக்கு.”

அவர் வைத்தார். அவன் கைக்கு எட்டுகிற இடத்தில், ஜாக்கிக்கு ஒரு சாண் தள்ளி. தப்பே சொல்ல முடியாத இடம், மண்ணாக இருந்திருந்தால். எங்களில் ஒருவனுக்கும் அது தோன்றவில்லை. குளிர்காலத்தில் பனிக்கட்டியை நாங்கள் தரை என்றுதான் நினைக்கிறோம். ஐந்து மாதம் அது தரைதான். அதன் மேல் லாரி ஓடுகிறது, கல்யாண ஊர்வலம் போகிறது.

கனல் வந்ததும் எல்லோருக்கும் நாக்கு இளகியது. நோரோவ் ஐயா பொடி டப்பாவை நீட்டினார். பத்ராக் அடியிலிருந்து “இருபத்திரண்டு ஸ்பேனர்” என்றான், “அது இல்ல, வளைஞ்சது” என்றான், “மணி என்ன?” என்றான். இரண்டாவது போல்ட்டும் ஏறியது. தேஜித் நடந்துகொண்டேயிருந்தாள். கூடாரத்தைச் சுற்றி, ஆட்டுப்பட்டியைத் தொட்டு, திரும்ப வண்டிப் பக்கம். ஒவ்வொரு சுற்றிலும் மேற்கே பார்ப்பாள். மலைக்குப் பின்னால் வானம் பால் திரிந்த நிறத்துக்கு வந்திருந்தது.

எத்தனையாவது சுற்றோ தெரியாது, நின்றுவிட்டாள்.

“அது என்ன மினுக்குது?”

நான் பார்த்தேன். ஜாக்கியின் அடித்தட்டைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு ஈரம். முப்பத்தொரு டிகிரிக் குளிரில் தண்ணீர் தானாக வராது. யாராவது வரவழைக்க வேண்டும்.

“ஸ்டெப்னி எங்க?” என்றாள்.

குனிந்து பார்த்தேன். சேஸிஸுக்கு அடியில் ஸ்டெப்னி இல்லை. இருபதடி தள்ளி, பைக் பக்கத்தில் புந்த்சாக் அதை மடியில் போட்டு டியூபை உருவிக்கொண்டிருந்தான்.

“காத்தே இல்ல அக்கா இதுல!” என்றான் பெருமையாக. “புள்ளத்தாச்சியைக் கூட்டிக்கிட்டு இந்த ஸ்டெப்னியோடயா போவாங்க? நல்லவேளை நான் பாத்தேன்.”

தேஜித் அவனைப் பார்க்கக்கூட இல்லை. “பத்ராக், வெளிய வா.”

“ரெண்டே போல்ட்டு.”

“இப்ப வா.”

“தேஜித், ரெண்டு போல்ட்டு! உனக்காகத்தானே இங்க செத்துக்கிட்டிருக்கேன்!”

“அண்ணே, காலைப் பிடிச்சு இழுங்க அவனை.”

நாங்கள் ஆம்பிளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்தவன் வீட்டுச் சண்டையில் கால் வைக்கலாமா, அதுவும் அவன் காலிலேயே கை வைக்கலாமா என்ற யோசனை. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அதற்குள் அவள் அந்த வயிற்றோடு முட்டி போட்டு, அவன் பூட்ஸைப் பிடித்துவிட்டாள். அதைப் பார்த்ததும் வெட்கம் எங்களை உதைத்தது. நானும் நோரோவ் ஐயாவும் ஆளுக்கொரு காலைப் பிடித்து, சாக்கை இழுப்பதுபோல் இழுத்தோம். அவன் கம்பளித் துண்டோடு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தான். கையில் ஸ்பேனர், கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது, அங்கி மார்பு வரை சுருண்டிருந்தது.

“ஆட்டுக்குட்டியா நான்? ஊரைக் கூட்டி வச்சு...” என்று எழுந்தான். “முடிச்சிருப்பேன்! இந்நேரம் முடிச்சிருப்பேன்!” திரும்பி உள்ளே போவதற்காகக் குனிந்து ஒரு முழங்காலை ஊன்றினான்.

ஜாக்கி சத்தமே போடவில்லை. சோப்புக்கட்டி கையை விட்டுப் போவதுபோல் பக்கவாட்டில் போயிற்று. வேன் உட்கார்ந்தது. உட்கார்ந்த வேகத்தில் முன் சக்கரம் கல்லைத் தாண்டியது, வண்டி பின்னால் உருண்டது, பிடிக்க பிரேக் இல்லை. இரண்டு மீட்டர் போய், காய்ந்த சாணி அடுக்கியிருந்த மேட்டில் இடித்து நின்றது. கனல் சட்டி நசுங்கி, புகைந்துகொண்டிருந்தது. பின் சக்கரம் அந்தக் கம்பளித் துண்டு விரித்திருந்த இடத்தில், அவன் நெஞ்சு இருந்திருக்க வேண்டிய இடத்தில், சரியாக ஏறி நின்றது.



பத்ராக் அப்படியே பனியில் உட்கார்ந்தான். ஸ்பேனர் அவன் கையிலிருந்து விழுந்தது. எடுக்கப் போனான், விரல்கள் அதைப் பிடிக்காமல் தட்டித் தட்டி விட்டன. இரண்டு கையும் நடுங்கின. குளிர் நடுக்கம் இல்லை அது. எனக்கு நடுக்கங்களில் வித்தியாசம் தெரியும். சந்தையில் எத்தனை கைகளைச் சட்டைக் கைக்குள் பிடித்து விரல் எண்ணி விலை பேசியிருக்கிறேன்.

“நான் கொண்டாந்த கனல்,” என்றார் நோரோவ் ஐயா.  புந்த்சாக் ஸ்டெப்னியைக் கட்டிப்பிடித்தபடி நின்றான்.

தேஜித் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். “பன்னெண்டரை,” என்றாள். “ரெண்டு போல்ட்டு பாக்கி. யாரு போறா?”

பத்ராக் தலையைத் தூக்கவில்லை. அவன் போக முடியாது. போனாலும் அந்தக் கையால் நட்டு பிடிக்க முடியாது. புந்த்சாக்குக்கு ஸ்பேனர் என்றால் பைக்கில் ஆணி அடிக்கிற சுத்தியல். ஐயாவுக்கு வயது. எல்லோர் கண்ணும் என் பக்கம் வந்தது. இருபது வருடமாக ஆயிரம் கிராஸ் விற்றிருக்கிறேன். ஒரு வண்டிக்கு அடியிலும் படுத்ததில்லை. என் தொப்பை அதற்கு ஏற்றதல்ல, என் கொள்கையும்.

“போறேன்,” என்றேன். “ஆனா சும்மா போக மாட்டேன்.”

“என்ன வேணும் அண்ணே?”

“இந்தப் பனிக்கட்டி வேணாம். வண்டியை அந்த மண்ணு தெரியுற இடத்துக்குத் தள்ளுங்க.”

தள்ளினார்கள். ஐயா அடுப்புச் சாம்பலை வாளியோடு கொண்டுவந்து கொட்டினார்.

“ஜாக்கிக்கு அடியில பலகை.”

“ஒண்ணு போதுமா?”

“ரெண்டு. நாலு சக்கரத்துல தரையில நிக்கிற மூணுக்கும் கல்லு, முன்னாலயும் பின்னாலயும். ஆறு கல்லு.”

“ஊர்ல ஆறு கல்லு இல்ல அண்ணே, எல்லாம் உறைஞ்சு கிடக்கு,” என்றான் புந்த்சாக்.

“என் கடையில பழைய பிரேக் டிரம் கிடக்கு, எடுத்துட்டு வா. அப்புறம் சேஸிஸுக்கு அடியில ஸ்டெப்னி.”

“வச்சாச்சு.”

“அதுமேல இன்னொரு டயர்.”

“அண்ணே, இவ்வளவு கிராக்கியா உனக்கு?”

“என் உயிரை நான் விக்கிறேன், விலையை நான்தான் சொல்லுவேன். இன்னொரு டயர்!”

ஜாக்கி ஏறியதும் தேஜித் வண்டியின் பக்கவாட்டில் கை வைத்து ஆட்டிப் பார்க்கச் சொன்னாள். மூன்று பேரும் தோளால் முட்டினார்கள். அசையவில்லை. “இனிமே நான் சொல்லாம யாரும் ஒரு துரும்பை எடுக்கக் கூடாது, வைக்கக் கூடாது. நல்லதுக்குன்னாலும் சரி,” என்றாள். பிறகு பத்ராக்கைப் பார்த்தாள். “நீ அண்ணன் காலைப் பிடிச்சுக்கோ. நான் சொன்னா இழு.”

அவன் வந்து என் கணுக்கால் இரண்டையும் பிடித்தான். நான் உள்ளே போனேன்.

அடியிலிருந்து பார்த்தால் வண்டி ரொம்பப் பெரியது. விற்கிறபோது இது தெரிவதில்லை. இரும்பு முழுக்க என் மூக்குக்கு மேல் தொங்கியது. பத்ராக்கின் நடுக்கம் என் பூட்ஸ் வழியாக முழங்கால் வரை வந்தது, கூடவே என்னுடையதும். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது போல்ட்டை ஓட்டையில் நுழைத்து, வாஷர் போட்டு, நட்டை விரலால் ஏற்றி, ஸ்பேனரால் இழுத்தேன். ஏறியது! எனக்கே நம்பிக்கை இல்லை.

நாலாவது முரண்டு பிடித்தது. வைத்துத் திருகினேன். கொஞ்சம் போய் நின்றது. ஸ்பேனர் போட்டேன். கிரீச் என்றது.

“நிறுத்து,” என்றான் பத்ராக், காலடியிலிருந்து.

“ஏறுதுடா.”

“ஏறல. கோணலாப் போகுது. மரையைத் தின்னுது அது. சத்தம் கேக்கலயா உனக்கு?”

“எனக்கு என் நெஞ்சு சத்தம்தான் கேக்குது.”

“திருப்பி எடு அண்ணே. பின்னால சுத்து. மெதுவா... ஐயோ, மெதுவான்னா மெதுவா! கைய எடு, எடுத்துடு. வெளிய வா.”

அப்போதுதான் கவனித்தேன். என் கணுக்காலைப் பிடித்திருந்த கைகள் ஆடவில்லை. இரும்பு வளையம் மாதிரி இருந்தன. என்னை ஒரே இழுப்பில் வெளியே கொண்டுவந்தான். தேஜித்தைப் பார்த்தான். அவள் குனிந்து பலகையைப் பார்த்தாள், டயர்களைப் பார்த்தாள், தலையசைத்தாள். அவன் உள்ளே போனான். இந்தத் தடவை கால்கள் பனியை உதைக்கவில்லை. நட்டை வெளியே எடுத்து, ஊதி, துடைத்து, எண்ணெய் தொட்டு, முதலில் இடப்பக்கமாக ஒரு சுற்றுத் திருப்பி மரை விழுந்த பிறகு வலப்பக்கம் ஏற்றினான். அவன் அவ்வளவு மெதுவாக ஒரு வேலை செய்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். நான்கையும் குறுக்கு மறுக்காக இன்னொரு தடவை இறுக்கினான்.

தேஜித் நடக்காமல் நின்றுகொண்டிருந்தாள். அவன் வெளியே வருகிற வரைக்கும் ஒரே இடத்தில்.

ஸ்பேனர்களை எண்ணி எடுத்து வைத்தது அவள்தான். கொழுக்கட்டைத் தட்டை நீட்டினாள். பத்ராக் உட்கார்ந்து ஆறு சாப்பிட்டான். நோரோவ் ஐயா தள்ளி நின்றார். அவரிடம் பால் நிறைந்த அகப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“நான் வேணாம்மா. நான் எதைத் தொட்டாலும்...”

“உங்க கனல்ல குறை இல்ல ஐயா, இடம்தான் தப்பு. இருக்கிறவங்கள்ல நீங்கதான் மூத்தவர். தெளிங்க.”

வண்டி நகர்ந்ததும், போகிறவர்கள் நல்லபடியாகப் போய்ச்சேர எங்கள் வழக்கப்படி அவர் சக்கரத் தடத்தில் பாலைத் தெளித்தார். முதல் துளி கீழே விழுவதற்குள் உறைந்திருக்கும். மணி ஒன்றரை. புந்த்சாக் பைக்கை எடுத்துக்கொண்டு கணவாய் அடிவாரம் வரைக்கும் பின்னாலேயே போனான். அவனை யாரும் கேட்கவில்லை, தடுக்கவுமில்லை.

ஐந்து மணிக்குப் பனி கொட்ட ஆரம்பித்தது. ஆறுக்கு என் கன்டெய்னரின் கதவு தெரியவில்லை. நான் அடுப்பு மூட்டி உட்கார்ந்து, இல்லாத சாமான்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். ஆறேகாலுக்கு போன் அடித்தது.

“சேந்துட்டோம் அண்ணே,” என்றான் பத்ராக். “அவளை உள்ள கூட்டிட்டுப் போய்ட்டாங்க. புள்ளையோட நெஞ்சுத்துடிப்பைக் கருவி வச்சுப் பாத்தாங்க, எனக்கும் கேக்க வச்சாங்க. நல்லா ஓடுதாம். நான் வெளிய வாசல்ல நிக்கிறேன்.”

“கை எப்படி இருக்கு?”

 “ஆடுதண்ணே. வண்டியை நிறுத்தினதும் ஆரம்பிச்சிருச்சு. போனைப் பிடிக்கவே முடியல.”

“இனிமே ஆடட்டும்டா,” என்றேன். “வேலையை முடிச்சுட்டுத்தானே ஆடுது.”